அப்பா ஏகாம்பரத்தின் பெண்கள் ஆடிக்கு வந்தது

சாலிகிராமத்தில், ஸ்டூடியோ மதிலுக்குப் பின்பக்கமாக ஓடுகிற தெருவில், ஆடி முதல் தேதி காலையில், தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டுவிட்டு நின்ற பெண்கள்தான் அவளை முதலில் பார்த்தது. தலை கொள்ளாத பூ, கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, கையில் தகரப் பெட்டி, முகத்தில் பிறந்த வீட்டுக்கு வருகிறவளின் அவசரம், எல்லாம் சரி, எல்லாம் வழக்கம்தான், ஆனால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அவள் கறுப்பு வெள்ளையாக இருந்தாள். குங்குமம் கறுப்பு, புடவை சாம்பல், கைவளை அதைவிடக் கொஞ்சம் வெளுத்த சாம்பல், அவள் மேல் விழுந்த வெயில்கூட நிலா மாதிரி வெளிறித்தான் விழுந்தது. "அக்கா, அப்பா ஏகாம்பரம் வீடு எதுங்க?" என்று அவள் கேட்க, இஸ்திரிக் கடை அஞ்சலை, "அதோ, பச்சை கேட்டு, உள்ள முருங்கை மரம் நிக்குது பாரு, அதான்" என்று கையைக் காட்டிவிட்டுத் தன் குடத்தை ஓரடி முன்னால் தள்ளிக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. லாரி வருகிற நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் வீட்டில் உலை யார் வைப்பது?

ஏகாம்பரம் என்றால் யாருக்கும் தெரியாது, அப்பா ஏகாம்பரம் என்றால் தெரியாத வீடு கிடையாது, அதிலும் பாதிப் பேர் பெயரைச் சொல்லமாட்டார்கள், "அட, பாவமா ஒரு அப்பா வருவாரே, அவருதான்" என்பார்கள். மாயவரத்திலிருந்து நாடகக் கம்பெனியோடு வந்த மனுஷர். முதல் படத்தில் அவருக்கு மகளாக நடித்தவள் அவரைவிட இரண்டு வயது மூத்தவள். தலையில் வெள்ளைப் பவுடரை அப்பி, முதுகைக் கொஞ்சம் வளைக்கச் சொன்னார்கள், அன்றைக்கு வளைத்த முதுகுதான், பிறகு கோடம்பாக்கம் அவரை நிமிரவே விடவில்லை. கலெக்டருக்கு அப்பா, ரிக்‌ஷா ஓட்டுகிற அப்பா, கண் தெரியாத அப்பா, ஜமீன் அப்பா, கிழிந்த துண்டோடு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கிற அப்பா. கதாநாயகர்களுக்குத் தொப்பை விழுந்து, அவர்கள் பிள்ளைகள் கதாநாயகர்களாகி, அந்தப் பிள்ளைகளுக்கும் முடி கொட்டிப்போன பிறகும், பெண்ணைப் பெற்றவர் மட்டும் மாறவில்லை. அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டால் போதும், தியேட்டரில் முறுக்கு விற்கிறவன்கூடத் தட்டை இறக்கி வைத்துவிட்டு மூக்கைச் சிந்துவான்.

தொழிலில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. 'கட்' என்கிற சொல் காதில் விழுகிறவரை தூக்கின கையை இறக்கமாட்டார். ஒருதரம் செட்டில் பெரிய விளக்கு வெடித்து எல்லோரும் தலைதெறிக்க ஓடினபோது, டைரக்டரே ஓடினபோது, இவர் மட்டும் மகளாக நடித்தவளின் தலை இருந்த இடத்தில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கத் திரும்பிவந்த டைரக்டர் சொன்ன பிறகுதான் எடுத்தார். கல்யாண சீன் என்றால் இன்னும் மோசம். சினிமாக் கல்யாணத்தில் எல்லாமே பாதிதான், ஐயர் பாதி மந்திரத்தை முழுங்குவார், தாலிக்கு மூன்றாவது முடிச்சு விழாது, முழுசாகச் செய்தால் நிஜமாகிவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம். ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளமாட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருந்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி, கடைசிச் சொட்டு விழுகிறவரை தாரை வார்ப்பார். பிறகு பெண்ணை வண்டியேற்றுகிறபோது, வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தையை, மைக்குக்கு எட்டாமல், அவள் காதோடு சொல்வார்: "ஆடிக்கு அப்பா வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்டா கண்ணு." அதைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட நடிகையும் கிளிசரின் இல்லாமல் அழுதுவிடுவாள். அப்புறம் வண்டி போகும், 'வணக்கம்' என்று எழுத்து விழும், ஜனங்கள் காலால் துழாவிச் செருப்பைத் தேடுவார்கள். எந்தப் படத்திலாவது கல்யாணத்துக்குப் பிறகு ஆடி வந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

கேட்டைத் திறந்துகொண்டு வந்தவளைப் பார்த்ததும் ஏகாம்பரம் கையிலிருந்த ஸ்பூனை இட்லித் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். "செண்பகவல்லியா?"

"வேற யாருப்பா? ஆடிக்கு வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்னீங்க. பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. அப்பாவுக்கு என்ன வேலையோ என்னவோ, நாமளே போயிருவோம்னு வந்துட்டேன்" என்று பெட்டியைக் கீழே வைத்து அவர் காலைத் தொட்டாள்.

அவருக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் சம்சாரம் தையல்நாயகிக்கு அடைக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்து, மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "என்னடி இப்படி வெளுத்துப் போயிருக்கே? அங்க சோறு போடுறாங்களா இல்லியா? போ, காலை அலம்பிட்டு வந்து உக்காரு, இட்லி சூடா இருக்கு" என்றாள். அந்த வீட்டில் ஒரு பெண் குரல் "அம்மா, இன்னும் கொஞ்சம் சட்னி" என்று கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. கேட்டதும் தையல்நாயகி உள்ளே போய் மிக்ஸியை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதாள்.

செண்பகவல்லியோடு நின்றிருந்தால் சரி. சாயங்காலத்துக்குள் கலெக்டர் வசுமதி வந்தாள், அந்தக் காலத்துக் கலர் படத்தின் கிளிப்பச்சைப் புடவையும் ரத்தச் சிவப்பு உதடுமாக, பார்க்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்ளும்படி. ரிக்‌ஷாக்காரர் மகள் வந்தாள், அவள் படம் மழையில் முடிந்ததால் அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் செட்டில் விட்ட அதே குழாய் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கண் தெரியாதவர் மகள் வந்தபோது பின்னாலேயே எங்கிருந்தோ ஒரு கூட்டம் வயலின் சேர்ந்து அழுதுகொண்டு வந்தது, டீக்கடைக்காரர் மரியாதைக்கு ரேடியோவை நிறுத்தினார். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள், ஆட்டோவில் வந்தார்கள், மாட்டு வண்டியில் வந்தார்கள், ஒருத்தி ஆற்றைக் கடக்கிற பரிசலைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள், எல்லோர் வாயிலும் அதே வார்த்தை, "வரேன்னீங்களேப்பா." முதல் ஆடி வெள்ளிக்கு அந்தச் சின்ன வீட்டில் கால் வைக்க இடமில்லை.

தெரு என்ன செய்தது என்கிறீர்களா? எதிர்வீட்டுக்காரர் தன் மாடியைத் திறந்துவிட்டார். அஞ்சலை வீடு வீடாகப் போய்ப் பாயும் தலையணையும் வாங்கிவந்தாள். குழாய் மழைக்காரியை முருங்கை மரத்தடியில் உட்காரவைத்து, அவளைச் சுற்றிக் குடங்களை வைத்தார்கள். குடிக்கத்தான் ஆகாது, துணிக்கும் பாத்திரத்துக்கும் தாராளமாக ஆயிற்று. வளையல்காரர் செண்பகவல்லி கைக்குப் போட்ட சிவப்பும் பச்சையும் போட்ட மாத்திரத்தில் சாம்பலாகிப் போக, "அப்போ கறுப்பே போட்டுக்கம்மா, உன்னை ஏமாத்தின மாதிரி இருக்காது" என்றார். அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற அன்றைக்கு மட்டும் ஒருத்தன், "இதுங்கள்லாம் நிஜப் பொண்ணுங்களா? இதுங்களுக்கு எப்படிங்க பிரசாதம் குடுக்கிறது?" என்று முணுமுணுத்தான். பூசாரிக்கு வந்ததே கோபம். "அவரு தாரை வார்த்துக் குடுத்ததை நீ பாத்தியா இல்லியா? டிக்கெட்டு எடுத்துப் பாத்தே. அழுதியா இல்லியா? அழுதே. அப்ப நீயும் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவன்தான்டா. பேசாம கூழை ஊத்து" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வசுமதியாக நடித்த நடிகை, இப்போது டிவி சீரியலில் மாமியாராக வருகிறவர், கறுப்புக் கண்ணாடியோடு ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். வசுமதிக்கு எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தக் கன்னத்தையே பார்த்தார். "நல்லா இருக்கியா?" என்று கேட்டார். "நல்லா இருக்கேங்க. நீங்க?" என்றாள் வசுமதி. நடிகை சீப்பை எடுத்து, அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, போகும்போது தெருவில் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். தெருவே எழுந்து நின்றது.

இத்தனை பெண்கள் வந்தும் தையல்நாயகியின் கண் கேட்டைவிட்டு அகலவில்லை. ஏனென்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். அவர் பெற்ற பெண் ஒருத்தி இருந்தாள், பூங்கோதை. ஒரே பெண். அவள் மரியதாஸைக் கட்டிக்கொண்டாள். மரியதாஸ் லைட்மேன், எத்தனையோ படங்களில் ஏகாம்பரத்தின் முகத்தில் இருட்டு விழாமல் பார்த்துக்கொண்டவன். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாள் காலையில் அவருக்கு ஸ்டூடியோவில், ஓடிப்போன மகளை வாசலிலிருந்து துரத்துகிற சீன். ஒரே டேக், செட்டே கைதட்டியது. சாயங்காலம் வீட்டு வாசலில் பூங்கோதையும் மரியதாஸும் மாலையோடு நின்றார்கள். கோபம் வந்தது, வராமல் இருக்குமா, சாதி என்றும் மதம் என்றும் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றும் எல்லாத் தகப்பனுக்கும் வருகிற கோபம்தான், இரண்டு நாள் குதித்துவிட்டு அடங்கிப்போகிற கோபம்தான். ஆனால் வாயைத் திறந்தால் காலையில் பேசின வசனம் வந்தது. "எனக்குப் பொண்ணே பொறக்கல. இனிமே இந்த வாசப்படியை மிதிச்சே, என் பொணத்தைத்தான் பாப்பே!" ஏற்ற இறக்கம் மாறாமல், வலதுகை ஆள்காட்டி விரலைக் கேட்டுக்கு நேராக நீட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு, நாற்பது வருஷப் பழக்கம், அப்படியே காத்திருந்தார். கட் சொல்ல அங்கே யாருமில்லை. பூங்கோதை அந்த விரலையும் அவர் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள், மாலையைக் கழற்றி கேட்டில் மாட்டினாள், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த விரல் மடங்கவில்லை. எண்ணெய் தடவினார்கள், ஊசி போட்டார்கள், பில்லி சூனியம் என்று எலுமிச்சம்பழம்கூட நறுக்கினார்கள். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனுக்கு மாறினார். பெரம்பூரில் இருக்கிறாள் என்று தெரியும், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், ஆனால் போய் நின்று என்ன பேசுவது? அதை யாரும் அவருக்கு எழுதித் தரவில்லை. வருஷங்கள் போயின.

ஆடிப்பெருக்கு வந்தது. தையல்நாயகி புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் கிளறிவைத்துக்கொண்டு, "எங்க ஊர்ல இந்நேரம் காவேரிக் கரை கொள்ளாது. இங்க எங்கடி போறது? குழாயைத் திறந்தா காத்துதான் வருது" என்று புலம்பினாள். "அதுக்கென்னம்மா" என்று செண்பகவல்லி எழுந்தாள். தெருவுக்கு வந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, படித்துறையில் இறங்குகிற மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தாள். அவள் படத்தில் அப்படித்தான், காவேரியில் இறங்கித்தான் பாட்டு ஆரம்பிக்கும். அவள் பாதம் பட்ட இடத்தில் தார் ரோடு நனைந்தது, பிறகு ஸ்டூடியோ மதிலோரமாக ஒரு சலசலப்புக் கேட்டது, பிறகு தெரு அகலத்துக்குத் தண்ணீர் வந்தது, சாம்பல் நிறத் தண்ணீர், வெள்ளி வெள்ளியாக வெயில் மினுங்கிக்கொண்டு, ஓரத்தில் சாம்பல் நாணலும் நடுவில் வெள்ளை நுரையுமாக, கணுக்கால் அளவுக்கு, குளிர்ந்து, வாழை இலை வாசத்தோடு. யாரும் கூச்சல் போடவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வைத்தார். அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள், கையில் அள்ளினால் அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீராகத் தெளிந்தது, காதோலை கருகமணி விட்டார்கள், கயிறு கட்டிக்கொண்டார்கள், அழுதுகொண்டே இருந்த வயலின்கள்கூடச் சிரித்து வாசித்தன. அஞ்சலை முழங்கால் மடித்து அதில் உட்கார்ந்து, "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை அவளுக்கு. தையல்நாயகி பூ விடும்போது ஏகாம்பரம் பக்கத்தில்தான் நின்றார். "எங்க பூங்கோதை நல்லா இருக்கணும்" என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது. மத்தியானம் தண்ணீர் வந்த வழியே போயிற்று.

ஆடி கடைசி நாள் காலை. பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி முறுக்கும் அதிரசமும் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் செண்பகவல்லியிடம் போய், "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன்மா. நீங்க போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிரும். உங்கம்மா தாங்கமாட்டா" என்றார்.

"நாளைக்கு ஆவணிப்பா. அங்க தேடுவாங்க" என்றாள் செண்பகவல்லி. பெட்டியின் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? பூங்கோதை ஏன் வரலை?"

"அவ எப்படிம்மா வருவா..."

"அதைத்தான் நானும் கேக்கறேன். எங்ககிட்ட வரேன்னு சொன்னீங்க. நீங்க வரலை, அதனால நாங்க வந்தோம். அவகிட்ட நீங்க வரேன்னே சொல்லலியேப்பா. அவ எதை நம்பி வருவா?"

வயலின்கள் நின்றன. முருங்கை மரத்தடியில் மழைகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஏகாம்பரம் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தையல்நாயகி, என்றைக்கோ வாங்கிப் பீரோவில் வைத்திருந்த அரக்குப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்து, மேலே பூவும் பழமும் வைத்து, துணி மூடி அவர் கையில் கொடுத்தாள்.

பெரம்பூர் பஸ்ஸில் மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு அம்மாள், "எந்தப் பொண்ணு வீட்டுக்குங்க?" என்று கேட்டாள். "என் பொண்ணு வீட்டுக்கு" என்றார்.

கதவைத் திறந்தது மரியதாஸ். தலை நரைத்துப் போயிருந்தது. அவரையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மரியதாஸ், "சார், கொஞ்சம் இடதுபக்கமா வந்து நில்லுங்க. முகத்துல இருட்டு விழுது" என்றான். சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டு, எட்டி வாசல் விளக்கைப் போட்டான். அந்த வெளிச்சத்தில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பூங்கோதை வந்து நின்றாள்.

எத்தனை பெண்களின் காதில் எத்தனை அழகாகச் சொன்ன வார்த்தை அது! இப்போது வரமாட்டேன் என்றது. "ஆடிக்கு..." என்றார். தொண்டையைச் செருமினார். "அப்பா வந்து... இல்ல, வந்துட்டேன்... உங்கம்மாதான்... இல்லம்மா, நான்தான்..." அவர் நடித்ததிலேயே இவ்வளவு மட்டமாக எதையும் நடித்ததில்லை, குரல் ஏறவேண்டிய இடத்தில் இறங்கியது, கண்ணீர் வரக்கூடாத இடத்தில் வந்து மூக்கில் ஒழுகியது. "இரு, இன்னொருதரம் சொல்றேன்" என்று ஆரம்பித்தார், மறுபடி திக்கினார். தாம்பாளம் இடது கையில் ஆடியது. அப்போதுதான் பார்த்தார், வலது கை அதுபாட்டுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, நீட்டின விரல் இப்போது அவள் வீட்டைப் பார்த்து நின்றது, அன்றைக்கு நின்ற அதே நிலையில். அதை இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை.

பூங்கோதை அந்தக் கையைப் பார்த்தாள். செட்டிலேயே வளர்ந்த பெண், பள்ளிக்கூடம் விட்டதும் மேக்கப் ரூமில் வீட்டுப்பாடம் எழுதின பெண். தூக்கின அந்தக் கை எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"கட்" என்றாள்.

கை இறங்கியது. விரல் மடங்கியது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்ப்பா," என்றாள் பூங்கோதை. "நான் சொல்றதுக்குத்தான் நின்னுக்கிட்டிருக்கீங்கன்னு தெரியும். ஒரு வார்த்தை. கோவத்துல சொல்லாம போயிட்டேன். பஸ் ஏறினப்புறமும், அப்பா இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பாருன்னு நெனச்சேன்."

"நின்னுக்கிட்டுத்தாம்மா இருந்தேன்" என்றார் ஏகாம்பரம்.

மூன்று பேரும் சாலிகிராமத்தில் வந்து இறங்கியபோது மத்தியானம். அந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூடச் சாப்பிட உட்காரவில்லை, எல்லோரும் வாசலில் நின்றார்கள். செண்பகவல்லி ஆலம் சுற்றினாள். தட்டில் கறுப்பாக இருந்த தண்ணீர் பூங்கோதை நெற்றியில் வைத்ததும் சிவந்தது. தையல்நாயகி மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, கன்னத்தில் ஒரு அறை விட்டாள், பிறகுதான் கட்டிக்கொண்டாள். "நீங்க ஏன் தம்பி அங்கயே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று மரியதாஸையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள், கறுப்பு வெள்ளையும் கலருமாக, மழைக்காரி மட்டும் வாசற்படிக்கு வெளியே. நடுவில் பெரிய அண்டாவோடு ஏகாம்பரம் உட்கார்ந்தார். ஸ்பூனை யாரோ எடுத்து ஓரமாக வைத்தார்கள். சாம்பாரை ஊற்றி, நெய்யை ஊற்றி, ஐந்து விரலாலும் அழுந்தப் பிசைந்தார், உருண்டை பிடித்தார், நீட்டின ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே வந்தார். செண்பகவல்லி கையில் அது சாம்பல் உருண்டையாயிற்று, வசுமதி கையில் கண்ணைப் பறிக்கிற மஞ்சளாயிற்று, மழைக்காரி கையில் நனைந்துபோயிற்று. வரிசை முடிகிற இடத்தில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். தன் முறை வருகிறவரை காத்திருந்து, மற்றவர்களைப் போலவே அவளும் கையை நீட்டினாள். அவர் வைத்த உருண்டை அவள் கையில் சோறாகவே இருந்தது.

அவள் அதை வாயில் போட்டு மென்றாள். "உப்பு கம்மிப்பா" என்றாள்.